பூங்காவனம் வைத்திருந்த தையல் மிஷின்

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்குப் புது மிஷின்கள் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட பார்ட்லெட் என்று ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரும் வந்தார். ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் முதலாளிக்குச் சொந்தமான பங்களா ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து வெள்ளையடித்து அவருக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்தார்கள். மெட்ராஸிலிருந்து கூடவே வந்த சமையல்காரன் தோல் நாற்றம் தாங்காமல் ஒரே வாரத்தில் கிளம்பிப் போய்விட்டான். ஷாப்பில் ஆவாரம் பட்டை இடித்துக்கொண்டிருந்த பூங்காவனத்தைப் பங்களா வேலைக்கு அனுப்பினார்கள்.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் கன்னியப்பன் அதே ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தான். குழந்தைகள் இல்லை. பூங்காவனத்துக்கு எழுத்து தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் கேட்டதை விடமாட்டாள். ஒரு சொல் காதில் விழுந்தால் அதை நாள் முழுக்க வாயில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருப்பாள்.

முதலில் பிடிபட்டது ‘கீப்’. தட்டுகளை அலமாரியில் கீப், பாலை ஜன்னலோரம் கீப் என்று துரைசானி கை காட்டிச் சொல்வாள். கீப் என்றால் வை. அதில் சந்தேகமே இல்லை என்று இருந்தாள் பூங்காவனம்.

ஒருநாள் துரைசானி அடுப்பில் பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்து ஏற்றிவிட்டு, கரண்டியை அவள் கையில் கொடுத்து, “கீப் ஸ்டரிங்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஸ்டரிங் என்பது கரண்டியின் பேர் போலிருக்கிறது என்று எண்ணி, பூங்காவனம் கரண்டியைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு, வாசல் பெருக்கப் போனாள். திரும்பி வந்தபோது பாத்திரத்தில் கறுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது. துரைசானி கோபித்துக்கொள்ளவில்லை. புதுப் பாலை ஏற்றி, பூங்காவனத்தின் கையைத் தன் கையால் பிடித்து, கெட்டியாகும்வரை நிறுத்தாமல் கிண்டவைத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் “கீப், கீப், கீப்” என்றாள். அப்போதுதான் தெரிந்தது, விடாமல் செய்வதற்கும் அதே வார்த்தைதான் என்று.

அதோடு முடியவில்லை. ஆட்டுக்கறியை மோந்து பார்த்து, “வில் இட் கீப்?” என்று துரைசானி கேட்டபோது, எங்கே வைக்கச் சொல்கிறாள் என்று பூங்காவனம் சுற்றுமுற்றும் பார்த்தாள். நாளைவரை கெடாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. பிந்தி ஓடிய சுவர்க் கடிகாரம் டைமை கீப் பண்ணவில்லையாம். சீமையில் அவர்கள் வீட்டில் கோழி கீப் பண்ணினார்களாம். சாயங்காலம் சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன துரை ஒருநாளும் சீக்கிரம் வந்ததில்லை. வாசலில் நின்று அவரிடம் துரைசானி வருத்தமாகச் சொன்ன வாக்கியத்திலும் ‘கீப்’ இருந்தது. அது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது பற்றி என்று முகத்தைப் பார்த்தே பூங்காவனத்துக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து கன்னியப்பனிடம் எல்லாவற்றையும் சொல்வாள்.

“ஒரே வார்த்தையை வச்சிக்கினு எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ. வைக்கிறதும் கீப்பு, வளர்க்கிறதும் கீப்பு, காப்பாத்துறதும் கீப்பு.”

கன்னியப்பன் அதிகம் பேசுகிறவன் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: “நம்ம ‘வை’ மட்டும் இன்னா கம்மியா? கொழம்பு வைக்கிறோம், பேரு வைக்கிறோம், மீசை வைக்கிறோம், அடகு வைக்கிறோம். ஒருத்தர் மேல ஆசைகூட வைக்கிறோம்.”

இதைக் கேட்டுப் பூங்காவனத்துக்கு ஒரே சந்தோஷம். கீப்பும் வையும் அக்கா தங்கச்சி போல என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே பொம்பளை என்று அவளுக்குப் பேர் வந்தது. அந்தப் பேர் அவளுக்குப் பிடித்துமிருந்தது. குழாயடியில் யாராவது குடத்தை இடிக்கும்படி வைத்தால், “தள்ளி கீப் பண்ணும்மா” என்பாள்.

துரைசானியிடம் கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று இருந்தது. கறுப்பு உடம்பு, அதன்மேல் தங்க நிறத்தில் பூவேலை, மூடுவதற்கு மரப்பெட்டி. பங்களா ஜன்னல்களுக்குத் திரை தைக்க வேண்டியிருந்தபோது பூங்காவனத்துக்கு நேராகத் தைக்கக் கற்றுக்கொடுத்தாள். பத்து நாளில் அவள் தையல் துரைசானியின் தையலைவிட நேராக ஓடியது. மத்தியான நேரங்களில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து தைப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. பேசினாலும் பாதி சைகைதான். துரைசானிக்கும் தமிழில் நாலைந்து சொற்களே தெரியும். போதும், சீக்கிரம், உனக்கு, எனக்கு, நாளைக்கு.

இரண்டு வருஷத்தில் மிஷின் வேலை முடிந்து, துரைக்குப் பெங்களூரில் வேறு இடம் கிடைத்தது. அவர் முன்னாலேயே போய்விட்டார். சாமான்களையெல்லாம் அனுப்பிவிட்டு துரைசானி கடைசியாகக் கிளம்பினாள். ஜட்கா வாசலில் நின்றது. சாப்பாட்டு மேஜைமேல் தையல் மிஷின் மட்டும் பாக்கி இருந்தது. அதையும் வண்டியில் ஏற்றலாம் என்று பூங்காவனம் தூக்கப் போனாள். துரைசானி அவள் தோளைத் தொட்டு நிறுத்தி, “நோ, நோ. யூ கீப் இட், பூங்கா” என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“யெஸ்மா. ஐ கீப்” என்றாள் பூங்காவனம்.

அந்தச் சொல்லின் எல்லா அர்த்தமும் அவளுக்குத் தெரியும் என்ற நினைப்பில் சொன்ன பதில் அது. விடாமல், கெடாமல், சொன்ன சொல் தவறாமல். துரைசானி ஆள் அனுப்பும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய பொருளை நம்பி விட்டுப்போகிறாளே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மிஷின் பாலாற்றங்கரைப் பக்கம் இருந்த அவர்களுடைய ஓட்டு வீட்டுக்கு வந்தது. பலகைமேல் வைத்து, பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடினாள். வாரத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மூடுவாள். துணியை ஊசிக்கு அடியில் கொடுக்கமாட்டாள். அடுத்தவர் பொருளில் எப்படித் தைப்பது? பெங்களூரிலிருந்து யாரும் வரவில்லை.

அடுத்த வருஷம் எதிர்வீட்டு ஜெயம்மாள் தன் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தாள். ஜாக்கெட்டு நாலைந்து தைக்க வேண்டியிருந்தது. கடைத்தெரு தையல்காரர் நாள் கடத்திக்கொண்டே இருந்தார். ஜெயம்மாள் துணியோடு வந்து நின்றாள்.

“உன்னாண்ட மிஷினு சும்மாத்தானே கெடக்குது. தைச்சுக் குடேன் பூங்காவனம்.”

“அது என்னுது இல்ல ஜெயம்மா. துரைசானி கீப் பண்ணச் சொல்லிக் குடுத்தது. அவங்க கேட்டா அப்படியே திருப்பிக் குடுக்கணும்.”

“தைச்சா தேஞ்சா போயிடும்?”

“தேயுதோ இல்லியோ, என்னுது இல்ல.”

துணியைச் சுருட்டிக்கொண்டு போன ஜெயம்மாள் கல்யாணத்துக்கு அவளை வாய் நிறைய அழைக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு காலை குழாயடியில் வரிசைத் தகராறு வந்தது. பூங்காவனம் ஏதோ சொல்ல, ஜெயம்மாள் எல்லார் காதிலும் விழும்படி, “கீப்பு கீப்புன்றியே, கீப்புன்னா இன்னான்னு எங்களுக்கும் தெரியும். துரை சும்மாவா மிஷின் குடுத்துட்டுப் போவாரு?” என்றாள்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பூங்காவனத்துக்கு முதலில் புரியவில்லை. பாதிக் குடத்தோடு வீட்டுக்கு நடக்கும்போதுதான் புரிந்தது. பெரிய மனிதர்கள் ஊர் அறியாமல் வைத்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கீப் என்று ஒரு பேர் உண்டு. துரைசானி வாயில் அந்த அர்த்தத்தை அவள் கேட்டதே இல்லை. தான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்த வார்த்தைக்குள் இது ஒளிந்திருந்ததா என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

பேச்சு ஷாப்புவரை போயிற்று. அன்று கன்னியப்பன் வந்தான், கால் கழுவினான், சாப்பிடாமல் ஆற்றுப் பக்கம் போனான். திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. துரையோடு தான் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சந்தேகத்துக்குப் பதில் சொன்னது போல ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். அதுமுதல் கீப் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. மிஷினை மட்டும் முன்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அது துரை அவளுக்கென்று கொடுத்ததாக இருந்தால் அவள் தைத்திருப்பாளே? தைக்காமல் இருப்பதுதான் தன் மானத்துக்குச் சாட்சி என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். பெங்களூருக்கு எழுதிக் கேட்கலாம் என்றால், எழுதித் தர ஷாப்பு ஆட்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் முன்னால் பார்ட்லெட் என்ற பேரை எடுக்க அவளுக்கு மனசில்லை.

வருஷங்கள் போயின. கன்னியப்பனின் கைகளைச் சுண்ணாம்பு தின்றது. விரல் இடுக்கெல்லாம் புண், ஆறினால் மறுபடி வெடிக்கும். வேலூர் ஆஸ்பத்திரியில் இனிமேல் சுண்ணாம்பில் கை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி அவனைக் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார். சம்பளம் கம்மி. பூங்காவனம் மறுபடியும் பட்டை இடிக்கப் போனாள். வீட்டில் மிஷின் விரிப்புக்கு அடியில் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஷாப்புக்குச் சரக்கு பார்க்க வெளிநாட்டுக்காரர் ஒருவர் காரில் வந்தார். திரும்பும்போது குடையை மறந்து வைத்துவிட்டார். கன்னியப்பன் அதை எடுத்துக்கொண்டு கார் பின்னாலேயே ஓடினான். அவர் கண்ணாடியை இறக்கி, சிரித்து, “கீப் இட், கீப் இட்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கன்னியப்பன் குடையைத் துடைத்து, கேட் ரூமில் ஆணியில் மாட்டி வைத்தான். மழை கொட்டியபோதெல்லாம் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

இதை ஷாப்பு குமாஸ்தா நசீர் அகமது பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா கன்னியப்பா, நல்ல குடையை வச்சிக்கினு கோணி போட்டுக்கினு போற?”

“அது அந்தத் துரையோடது பாய். கீப் பண்ணச் சொன்னாரு. வந்து கேப்பாரு.”

நசீர் அகமது சிரிக்க ஆரம்பித்து, கன்னியப்பன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். அன்று சாயங்காலம் கன்னியப்பன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததைப் பூங்காவனம் வாசலிலிருந்து பார்த்தாள். அவன் குடையை மடக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு சொன்னான்:

“நசீர் பாய் சொன்னாரு. நம்ம பாஷையில வச்சிருன்னா ஒண்ணு, வச்சுக்கோன்னா ஒண்ணு. வச்சிருன்னா திருப்பிக் குடுக்கணும். வச்சுக்கோன்னா நம்புளுதே. அவங்க பாஷையில ரெண்டுக்கும் கீப்புதானாம்.”

பூங்காவனம் திண்டாடிப் போனாள். விரிப்பு மூடிய பலகையைப் பார்த்தாள். இத்தனை அர்த்தம் தேடிப் பிடித்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் எப்படித் தப்பியது?

“அப்ப அந்தம்மா எதைச் சொன்னாங்க?” என்றாள்.

“எனக்கு இன்னாமே தெரியும்? நீதான் பக்கத்துல இருந்த.”

“வச்சுக்கோன்னு சொல்லியிருந்தா, சும்மா குடுத்ததா ஆயிடும். ஊர்ல பேசினது நெசம்னு ஆயிடுமே.”

கன்னியப்பன் குடையை மடக்கிச் சுவரோரம் சாத்தினான். “ஊரு அன்னியிலேர்ந்து பேசிக்கினுதான் கீது. மிஷின்தான் சும்மா கெடக்குது. நான் ஒருநாளாவது உன்னைக் கேட்டனா?”

“கேக்கல. அன்னிக்குச் சாப்புடாம போனியே.”

“அது அவங்க மேல கோவம். உன் மேல இல்ல.”

இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒன்று அவளுக்கு இறங்கிப் போயிற்று. ஆனாலும் மிஷினைத் திறக்க அவள் ஒப்பவில்லை. “அந்தம்மா வாயால தெரியணும்யா. அதுவரைக்கும் தொடமாட்டேன்” என்றாள். கன்னியப்பன் வற்புறுத்தவில்லை. மறுநாள் நசீர் அகமதிடம் மட்டும், பார்ட்லெட் துரையைப் பற்றிச் சேதி வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்தான்.

கோடையில் சேதி வந்தது. பார்ட்லெட் தம்பதி ஒரேயடியாகச் சீமைக்குப் போகிறார்கள். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து மெட்ராஸ் போகும் ரயிலில் வருகிறார்கள், அங்கே கப்பல். ஆம்பூரில் வண்டி நிற்கும்போது ஒரு கூடை மாம்பழம் கொடுத்து வழியனுப்பும்படி முதலாளி நசீர் அகமதை அனுப்புகிறார்.

சனிக்கிழமை கன்னியப்பன் மிஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பூங்காவனம் நல்ல புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். குழாயடியைத் தாண்டும்போது ஜெயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க எடுத்துக்கினு போறீங்க?”

“சொந்தக்காரங்க வர்றாங்க. குடுக்கப் போறேன்” என்றாள் பூங்காவனம், நிற்காமல்.

ஜெயம்மாள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

வெயிலில் பிளாட்பாரம் கொதித்தது. வண்டி வந்து நின்றதும் நசீர் அகமது முதல் வகுப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டு ஓடினார். இவர்கள் பின்னால் ஓடினார்கள். ஜன்னலில் துரைசானி இருந்தாள். தலை பாதி நரைத்து, உடம்பு இளைத்திருந்தாள். எதிர்ப் பலகையில் துரை தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நசீர் அகமது கூடையைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே பூங்காவனம் முன்னால் போய், “அம்மா” என்றாள்.

துரைசானிக்குக் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை. பிறகு, “பூங்கா” என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடிக்காமல் பூங்காவனம் கன்னியப்பனைப் பார்த்தாள். அவன் மிஷினை ஜன்னல் கட்டைமேல் ஏற்றிப் பிடித்துக்கொண்டான்.

“ஐ கீப்மா. குட் கீப். டேக்” என்றாள் பூங்காவனம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சொற்கள்.

துரைசானி ஒன்றும் விளங்காமல் மிஷினின் மரப்பெட்டியைத் திறந்தாள். சக்கரத்தைத் தொட்டாள். சத்தமே இல்லாமல் அது சுற்றியது. பூவேலையில் ஒரு கீறல்கூட இல்லை. நசீர் அகமதிடம் ஏதோ கேட்டாள். அவர் இங்கிலீஷில் விளக்கினார். சுருக்கமாகத்தான் சொன்னார், ஆனால் கேட்கக் கேட்கத் துரைசானியின் கை வாய்க்குப் போயிற்று. மிஷினைப் பார்த்தாள், பூங்காவனத்தைப் பார்த்தாள். வேகமாக இங்கிலீஷில் நிறையச் சொன்னாள். நசீர் அகமது அதைத் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் தலையை ஆட்டி அவரை நிறுத்தினாள். எதையோ தேடுகிறவள் போல ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பூங்காவனத்தின் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினாள்.

“உனக்கு” என்றாள். தன் மார்பைத் தொட்டுக் காட்டிவிட்டு மறுபடி அவளைக் காட்டினாள். “உனக்கு, பூங்கா. உனக்கு.”

வண்டி ஊதியது. கன்னியப்பன் அவசரமாக மிஷினை இறக்கினான். துரைசானி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் அவள் கை ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. பூங்காவனமும் கையைத் தூக்கினாள்.

அவளுக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. அத்தனை வருஷமும் தைத்திருக்கலாமே என்பதுதான் முதலில் வந்தது. புருஷன் கை வெந்த காலத்தில், தான் பட்டை இடித்துத் தோள் வலித்த காலத்தில், வீட்டிலேயே இருந்த பொருள். தன் இங்கிலீஷின் மேல் இருந்த நம்பிக்கையால்தானே யாரையும் கேட்காமல் இருந்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. பிளாட்பாரப் பெஞ்சியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். கன்னியப்பன் பக்கத்தில் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பி நடக்கும்போது ஜெயம்மாள் கூடவே வந்தாள். ரயில்வே கேட் தாண்டிய பிறகு, “அன்னிக்கு நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

“ஆமா ஜெயம்மா, சொல்லியிருக்கக் கூடாது” என்றாள் பூங்காவனம். மூவரும் தெருவரை ஒன்றாகவே நடந்தார்கள்.

அடுத்த வாரம் புது ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு பூங்காவனம் தைக்க உட்கார்ந்தாள். முதலில் ஷாப்பு ஆட்களுக்குச் சட்டை, பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபாரம். ஜெயம்மாள் நேராக வரவில்லை. ஆறேழு மாதம் கழித்து மருமகளிடம் துணி கொடுத்து அனுப்பினாள். பூங்காவனம் மற்றவர்களுக்குத் தைப்பது போலவே தைத்துக் கொடுத்தாள். ஒரு வருஷத்தில் பட்டை இடிக்கும் வேலையை விட்டாள். அப்புறம் அவள் இங்கிலீஷ் பேசினாளா என்றால், பேசினாள். ஆனால் ஒரு சொல் புதிதாகக் காதில் விழுந்தால் இப்போது நசீர் அகமதை வழியில் நிறுத்திக் கேட்டுவிடுவாள். அவருக்கே சிலது தெரியாது. அதையும் ஒளிக்காமல் சொல்வார்.

கைமிஷினில் ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடும், துணியைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். காலர், பை போன்ற இடங்களில் அது பேஜார். கன்னியப்பனின் விரல்கள் ஊசி பிடிக்க உதவாது. ஆனால் உள்ளங்கையால் கைப்பிடியைத் தள்ள முடிந்தது. கேட் வேலை முடிந்து வந்து, காபி குடித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றுவான். அவள் இரண்டு கையாலும் துணியை நகர்த்துவாள். ஆரம்பத்தில் “மெதுவா”, “நில்லுய்யா” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நாளாக ஆக, காலர் வளைவுக்குத் துணி வந்ததும் அவன் தானாகவே வேகத்தைக் குறைத்தான்.